ஒய்.பி. கேட்ட பால்

அன்றைக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒய்.பி. வந்திருந்தார். நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டை, கையைப் பாதி மடித்துவிட்டிருந்தார்.

அவருடைய உதவியாளர் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த பெண்.

கோயில் தலைவர் வந்திருந்தார். நாற்காலி, மைக், தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் பொறுப்பு.

ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்து ஓய்ந்த அண்ணன் வந்திருந்தார். கையில் ஒரு கம்பு. ஏன் கம்பு என்று பிறகு சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

என் நாத்தனார் வந்திருந்தாள்.

தவுக்கே வந்திருந்தார். முதலாளியை அப்படித்தான் சொல்வோம். உள்ளே உட்காரவில்லை. தன் லாரியில் சாய்ந்து நின்றார்.

நான் இருந்தேன்.

மற்றவர்கள் சாப்பாட்டுக்காக வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

இடம் பழைய பெரட்டுக் களம். தோட்டம் இருந்த காலத்தில், விடிவதற்கு முன் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடம். இப்போது மேலே தகரம் போட்டுப் பூப்பந்து ஆடுகிறார்கள். கோடு போட்ட தரையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஈப்போ பக்கம், லகாட் தாண்டி உள்ளே இருக்கிறோம். தோட்டம் விற்றுப்போய் ரொம்ப நாளாகிறது. பெரும்பகுதி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரோட்டுப் பக்கம் கல் வீடுகள். ஆற்றோரம் ஒரு துண்டு மட்டும் பால்மரமாக நிற்கிறது. அந்தத் துண்டை ஈப்போ தவுக்கே வாங்கி வைத்திருந்தார். அவர் அப்பா இந்தத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தவுக்கே எங்களோடு வளர்ந்தவர். சீனர்தான். தமிழ் எங்களைப் போலவே பேசுவார், திட்டுவது உட்பட.

அந்தத் துண்டில் நானும் நாத்தனாரும் பட்டையைக் கீறிப் பால் வெட்டினோம். விற்றதில் பாதி தவுக்கேவுக்கு, பாதி எங்களுக்கு. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அதுதான் சோறு. நாத்தனாருக்கும் அதுதான்.

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் பாலை அங்கேயே உறைய விட்டால் கட்டிப்பால். அதைச் சாக்கில் போட்டு எடைக்குக் கொண்டுபோவோம். கொஞ்ச காலமாக எடைக்காரர் முகம் சரியில்லை. வெளிநாட்டிலிருந்து கட்டிப்பால் கப்பலில் வந்து இறங்குகிறது, மலிவு, டயர், கையுறை செய்கிற தொழிற்சாலைக்காரர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார். விலை இறங்கிக்கொண்டே போனது.

தவுக்கே ஒரு நாள் மரத்தடிக்கே வந்தார்.

"அக்கா, இப்பிடியே போனா எனக்குக் கட்டாது லா. வருசக் கடைசி வரைக்கும் பாப்பேன். ஏறலன்னா மரத்தத் தள்ளிட்டு டுரியான் வெச்சிருவேன்."

"மரம் இன்னும் நல்லாத்தான் வடியுது."

"வடியுது. யாரு வாங்குறது? அந்த ஒய்.பி. வாராராம். நீங்க எந்திரிச்சுக் கேளுங்க. நான் கேட்டா தவுக்கே காசுக்குக் கேக்குறான்னுவாங்க. நீங்க கேட்டா கேப்பாரு."

அதனால்தான் நான் போனேன்.

கூட்டத்துக்கு முன்னால் வாட்சப்பில் செய்தி வந்திருந்தது. வாணிகம், தற்காப்பு, பேராக் மாநிலப் பொருளாதாரம் பற்றி ஒய்.பி. மக்களோடு பேசுவார் என்று இருந்தது. வாணிகம் என் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். ஜாகா அண்ணன் தற்காப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் சின்ன வயதில் சிலம்பம் ஆடியவர். எங்களுக்குத் தற்காப்பு என்றால் அதுதான். சங்கிலி அறுக்க வருகிறவனைச் சமாளிக்கப் பெண்களுக்குச் சொல்லித்தரப் போகிறார்கள் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அதை நம்பித்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒய்.பி. கைப்பேசியைப் பார்த்துத் தமிழ் படித்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தது. நான் முன் வரிசையில் இருந்ததால் தெரிந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கும் எழுத்து அவ்வளவாக வராது. அவர் அப்பா ஈப்போவில் டாக்டராக இருந்தவர். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்களாம்.

தற்காப்பில் தொடங்கினார். லுமுட்டில் கப்பல் படை பலமாக இருக்க வேண்டும், கடலைக் காக்காமல் நாட்டைக் காக்க முடியாது, கப்பல் கட்டும் வேலை பேராக் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றார். பிறகு வாணிகம். நாட்டின் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். நம் டுரியான் பழம் சீனாவுக்குப் பெட்டி பெட்டியாகப் போகிறது, அது பெருமை என்றார். தவுக்கே லாரியிலிருந்து நிமிர்ந்தார். பிறகு பேராக். பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஓடுகிறார்கள், இங்கேயே தொழிற்சாலை வர வேண்டும் என்றார். கை தட்டினோம்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் கோயில் தலைவர். ஜாகா அண்ணன் எழுந்தார்.

"ஒய்.பி., இந்தத் தற்காப்புப் பயிற்சி எந்த நாளு? கம்பு நாங்களே கொண்டாரணுமா, நீங்க தருவீங்களா?"

கோயில் தலைவர் தலையில் கை வைத்தார். உதவியாளர் சிரித்தாள். பிறகு மலாயில் ஒய்.பி. காதில் சொன்னாள். அவரும் சிரித்தார். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள்.

"அண்ணே, நீங்க லுமுட்டுக்குக் கம்ப எடுத்துட்டுப் போங்க. கப்பல்ல ஏத்திக்குவாங்க," என்றான் ஒருவன்.

அண்ணன் கம்பை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை அதை எடுக்கவில்லை.

அடுத்து நான் எழுந்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரத்தடியில் பல தடவை சொல்லிப் பார்த்தது.

"ஒய்.பி., எங்க பாலுக்கு வெல இல்ல. வெளிநாட்டுப் பாலு வந்து எறங்குது. அத நிப்பாட்டணும், இல்லாட்டி வரி போடணும். இத நீங்க நாடாளுமன்றத்துல கேக்கணும்."

அவர் உதவியாளரைப் பார்த்தார். அவள் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நெஞ்சில் கை வைத்தார்.

"அம்மா, இது முக்கியமான விஷயம். தாய்மார்கள் விஷயம். கண்டிப்பா கேக்கறேன்."

மேடையில் நிற்பவர்கள் எதற்கும் தாய்மார்கள் என்பார்கள். அதனால் நான் அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்தேன். நாத்தனார் என் தொடையில் தட்டினாள். தவுக்கே லாரியை எடுத்துக்கொண்டு போகும்போது ஹாரன் அடித்தார்.

பிறகு காத்திருந்தோம். மழை நாள் போக மற்ற நாள் வெட்டினோம். தவுக்கே மரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஒய்.பி. கேட்கட்டும் என்று அவரும் பொறுத்திருந்தார்.

வீடியோ வந்த அன்றைக்கு எடைக் கொட்டகையில் இருந்தோம். நாத்தனார் கைப்பேசியில் வந்தது. தவுக்கே இருந்தார், ஜாகா அண்ணனும் இருந்தார். எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தோம்.

நாடாளுமன்றத்தில் ஒய்.பி. கோட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். மலாயில் பேசினார். மலாய் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தொகுதியில் தோட்டத்துத் தாய்மார்கள் கண்ணீரோடு ஒரு கோரிக்கை வைத்தார்கள் என்றார். நான் கண்ணீர் விடவில்லை. சூசு விலை பற்றி அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

"சூசுங்கறாரு," என்றாள் நாத்தனார்.

"சூசு கெத்தாவா?" என்றார் அண்ணன்.

"இல்ல. சூசு மட்டும்."

மலாயில் எங்கள் பாலுக்கு சூசு கெத்தா என்று பேர். கெத்தாவை எடுத்துவிட்டால் குழந்தை குடிக்கிற பால்.

மறுபடி போட்டுப் பார்த்தோம். சூசுதான். வெளிநாட்டுப் பால் மாவு வந்து இறங்குகிறது, தரம் பார்க்க வேண்டும், தோட்டத்துக் குழந்தைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்றார். மேசையைத் தட்டினார்கள். அமைச்சர் எழுந்து பள்ளிக்கூடத்தில் பால் கொடுக்கும் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஒய்.பி.யின் அக்கறைக்கு நன்றி சொன்னார். அவ்வளவுதான். பிறகு ஒய்.பி. லுமுட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். கப்பலைப் பற்றி நெடுநேரம் பேசினார். அதில் ஒரு சொல்லும் தப்பவில்லை.

தவுக்கே முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அக்கா, நீங்க என்னா சொன்னீங்க அவருகிட்ட?"

"பாலுன்னு சொன்னேன்."

"கெத்தான்னு சொல்லலியா?"

"தமிழ்ல பேசறப்ப எதுக்குக் கெத்தா?"

"ரப்பர்னாவது சொல்லிருக்கலாமே லா."

"ரப்பர்னா பள்ளிக்கூடத்துப் புள்ள அழிக்கறது."

அவரும் ரப்பர் என்று சொல்லிப் பழகாதவர்தான். பால் வெட்டு, பால்மரம், பால் வாளி, பால் எடை. எங்கள் வாயில் அப்படித்தான் வரும். நூறு வருஷத்துக்கு மேல் இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். குடிக்கிற பாலைத்தான் நாங்கள் பசும்பால், டின் பால் என்று பிரித்துச் சொல்வோம்.

ஜாகா அண்ணன் வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் கம்பு எடுத்துட்டுப் போனேன். ஊரே சிரிச்சது. இவரு பால் மாவு எடுத்துட்டுப் போயிருக்காரு. மேசையத் தட்டறாங்க."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. என் கோபம் முழுக்க அதில் இருக்கிறது. நாங்கள் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டால் அது சிரிப்பு. அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டால் அது கோரிக்கை. பத்திரிகையில் படம் போட்டார்கள். தோட்டத் தாய்மார்களின் குரல் என்று மேலே போட்டிருந்ததாம். கோயில் தலைவர் அதை வெட்டிக் கோயில் மண்டபத்தில் ஒட்டினார். அது என் குரல் இல்லை.

அடுத்த வாரம் ஒய்.பி.யின் வேன் வந்தது. பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பெரிய துணி கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு டின் பால் மாவு. உதவியாளர் வாங்குகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தாள்.

என் முறை வந்தது.

"ஆண்ட்டி, நீங்கதானே கேட்டது. முன்னால வாங்க. கொஞ்சம் சிரிங்க."

"நாங்க கேட்டது இது இல்லம்மா."

"பெரிய டின்னா வேணுமா ஆண்ட்டி? இந்தத் தடவ இதான் இருக்கு. அடுத்த தடவ பாக்கலாம்."

என் கையில் டின்னை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். படம் எடுத்துவிட்டாள். அந்தப் படத்தில் நான் டின்னோடு நிற்கிறேன். பிச்சைக்காரி மாதிரி இருக்கிறேன். வாழ்நாளில் ஒருவரிடம் சும்மா வாங்கியதில்லை. கிழக்கு வெளுக்கும் முன்னால் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு அட்டையிலும் கொசுவிலும் நின்று வெட்டியது எல்லாம் ஒரு டின்னில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். மாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் குழந்தைக்கு ஆகும். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டின்னைக் கழுவிக் காயவைத்தேன். மறுநாள் மங்கிலிருந்து கட்டிப்பாலை எடுத்து அதற்குள் அமுக்கி மூடினேன்.

கட்டிப்பால் நாற்றம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செத்த எலியும் புளித்த சோறும் சேர்ந்த மாதிரி இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் எழுந்து போவார்கள்.

அதனால் மோட்டார் சைக்கிளில் போனோம். நாத்தனார் ஓட்டினாள். நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் நேரம். ஈப்போ போய்ச் சேரும்போது மூடி லேசாக உப்பியிருந்தது.

ஒய்.பி.யின் சேவை மையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஏர்கான் குளிர். சுவரில் ஒய்.பி. படங்கள். கப்பலுக்கு முன்னால் ஒன்று, டுரியானைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று, பக்கத்தில் எங்கள் பெரட்டுக் களத்தில் டின் கொடுத்த படம். அதில் இருந்தது நான்.

உதவியாளர் எழுந்து வந்தாள்.

"வாங்க ஆண்ட்டி. உக்காருங்க. என்னா விஷயம்?"

டின்னை மேசையில் வைத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். பின்னால் நகர்ந்து மூக்கைப் பொத்தினாள்.

"என்னா ஆண்ட்டி இது. கெட்டுப் போச்சா?"

"கெடல. இதுதான் பாலு."

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். என் விரல் இடுக்கில் கறுப்புப் போகாது. எதைத் தேய்த்தாலும் போகாது. அப்போது புரிந்துவிட்டது. முகம் மாறிவிட்டது.

"நீங்க பால்னுதானே சொன்னீங்க," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"பாலுன்னுதான் சொன்னேன்."

"பால்னா பால்தானே ஆண்ட்டி."

"ஆமா. அதத்தான் கொண்டாந்துருக்கேன்."

நாற்றம் உள்ளறைக்குப் போயிருக்க வேண்டும். ஒய்.பி. வெளியே வந்தார். டின்னைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார். அவர் பேராக்காரர். வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"சூசு கெத்தா," என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி.

உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். சாரிம்மா என்றார். அதை நான் மறைக்கக் கூடாது. சொன்னார். காப்பி கொண்டுவரச் சொன்னார். நாங்கள் குடிக்கவில்லை.

"திருப்பிக் கேளுங்க ஒய்.பி.," என்றேன். "வருசக் கடைசிக்குள்ள வெல ஏறலன்னா தவுக்கே மரத்தத் தள்ளிடுவாரு. எங்க ரெண்டு பேருக்கும் வேற பொழப்பு இல்ல."

"இந்தக் கூட்டத்துல இனி கேக்க முடியாதும்மா. அடுத்த கூட்டத்துலதான்."

"அது எப்ப?"

"அடுத்த வருஷம்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். தமிழும் மலாயும் கலந்து பேசினார். இந்தத் தடவை படிக்கவில்லை, தானாகப் பேசினார்.

"உண்மைய சொல்லணும்னா, கேட்டாலும் நடக்காதும்மா. நம்ம கையுறைத் தொழிற்சாலைக்கு, டயர் தொழிற்சாலைக்கு மலிவான பால் வேணும். அங்க நம்ம ஆளுங்கதான் வேலை செய்யறாங்க. நாம வரி போட்டா, வெளிநாட்டுக்காரங்க நம்ம சாமானுக்கு வரி போடுவாங்க. கதவ ஒரு பக்கம் மட்டும் தெறக்க முடியாது. நான் எப்பவும் அதத்தான் பேசிட்டு வாரேன்."

"அத அன்னிக்கே சொல்லிருக்கலாமே."

"அன்னிக்கு எனக்கு விஷயம் புரியலம்மா."

"புரியாமத்தான் கண்டிப்பா கேக்கறேன்னு நெஞ்சுல கை வெச்சீங்க."

உதவியாளர் சன்னலைத் திறக்கப் பார்த்தாள். அது திறக்கிற சன்னல் இல்லை.

அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களும் என் சனம்தான். கதவைத் திறந்தால் ஒருவனுக்குக் காற்று, ஒருவனுக்கு மழை. அவர் ஒரு பக்கம் நிற்கிறார், நான் ஒரு பக்கம் நிற்கிறேன். மரம் வெட்டுகிற பொம்பிளைக்கு அவ்வளவு புரியும். உன் பாலுக்காக நான் பேச மாட்டேன் என்று பெரட்டுக் களத்திலேயே சொல்லியிருந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவருக்கு ஓட்டுப் போடாமல் இருந்திருப்பேன். அதோடு முடிந்தது. மறுக்கிறதுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. எனக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்து, அதற்குள் வேறு ஒன்றை ஊற்றி, என் கையிலேயே கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

"அந்தப் படத்த எறக்கிடுங்க," என்றேன்.

"சரிம்மா," என்றார்.

படியில் இறங்கும்போது நாத்தனார் கேட்டாள்.

"டின்ன அங்கேயே வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேன்."

"நல்லது. கரண்டு போயி ஏர்கான் நின்னா ஞாபகம் வரும்."

அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

தவுக்கே சொன்ன நாள்வரை பொறுத்தார். விலை ஏறவில்லை. ஒரு காலையில் மண் தோண்டுகிற பெக்கோ வண்டியும் ரம்பக்காரர்களும் வந்தார்கள். தவுக்கே எங்களிடம் வந்து நின்றார்.

"நான் மொதல்லயே சொன்னேன்ல அக்கா."

"சொன்னீங்க."

"டுரியானுக்குப் புல்லு வெட்ட ஆளு வேணும். நாள் கூலி. வாரீங்களா?"

"வாரேன்."

நாத்தனார் வரவில்லை. அவள் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரை கழுவப் போகிறாள். வாசலில் ஏறும்போதே கட்டிப்பால் நாற்றம் அடிக்கிறதாம். நம்ம பாலு மாதிரி இல்ல, வேற மாதிரி நாறுது என்றாள்.

மரத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். கட்டை மட்டும் நிற்கிறது. அதையும் தோண்டப் போகிறார்கள். நான் வெட்டிய கடைசிக் கோட்டில் அறுத்த பிறகும் பால் வடிந்துகொண்டிருந்தது. மங்குகளை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். கொசு வரும்.

போன வாரம் உதவியாளர் கூப்பிட்டாள்.

"ஆண்ட்டி, ஒய்.பி. திரும்பவும் பெரட்டுக் களத்துக்கு வாராரு. குறை கேக்கற கூட்டம். உங்க விஷயத்த சொல்லுங்க. ஆனா இந்தத் தடவ தெளிவா சொல்லுங்க ஆண்ட்டி."

தெளிவாகச் சொல்லவில்லை என்று எனக்குச் சொல்கிறாள். நான் கோபப்படவில்லை. சரி என்றேன்.

ஜாகா அண்ணனிடம் சொன்னேன். வரமாட்டேன் என்றார். பிறகு, "கம்ப மட்டும் குடுத்தனுப்பவா?" என்றார்.

"வேணாம்ண்ணே."

வெட்டுகிற காலத்தில் நாங்கள் மரத்தை எண்ணியதில்லை. எந்த நெரையில் எந்த மரம் நன்றாக வடியும், எதற்குப் பட்டை கெட்டுப்போயிருக்கிறது என்று கைக்குத் தெரியும். எண்ணிக்கை தேவைப்பட்டதில்லை. இப்போது கட்டையைத் தோண்டுவதற்கு முன் எண்ணிவிட வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தாள், நான் ரோட்டுப் பக்கத்திலிருந்து போனேன். எண்ணிய கட்டைமேல் ஒரு இலையை வைத்துக்கொண்டே போனோம். நடுவில் சந்தித்தபோது இருவருடையதையும் கூட்டினோம். சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினோம்.

கூட்டத்தில் எழுந்து நிற்பேன். பால் என்று சொல்ல மாட்டேன். ரப்பர் என்றும் சொல்ல மாட்டேன். கெத்தா, சூசு எதுவும் என் வாயில் வராது. எத்தனை மரம் போனது என்று மட்டும் சொல்வேன். முதலில் தமிழில் சொல்வேன், பிறகு மலாயில் நானே சொல்வேன். அவள் அவர் காதில் குனிய வேண்டியதில்லை.

எண்ணூற்றுப் பன்னிரண்டு.